பெட்டி தப்பியது, கழுத்து முறிந்தது

புத்தலப்பட்டு தாண்டியதும் சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டார். தலைக்கு மேலே சாமான் வைக்கும் கம்பித் தட்டில் இருந்த என் மேண்டலின் பெட்டி சரிந்து, இருக்கையின் கைப்பிடியில் மோதி, நடைபாதையில் மல்லாந்து விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. பெட்டிக்கும் அடி இல்லை. பிளைவுட்டில் செய்து கறுப்பு ரெக்சின் ஒட்டிய கனத்த பெட்டி அது. மூலையில் ஒரு கீறலைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. நிம்மதியாகச் சித்தூர் வந்து இறங்கினேன். வீட்டில் திறந்து பார்த்தால், தலையும் கழுத்தும் சேருமிடத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டுக்கு அரை விரற்கடை கீழே கழுத்து முறிந்து, தலைப்பகுதி எட்டுக் கம்பிகளின் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பழுது பார்ப்பவர் முறிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாத்தியத்தை விட்டுவிட்டுப் பெட்டியின் உள்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: “பொட்டி பிழைச்சிக்கிச்சு சார். அடி எல்லாத்தையும் உள்ளே அனுப்பிட்டு அது பிழைச்சிக்கிச்சு.”

எடை குறைந்த, ஆனால் கெட்டியான மேண்டலின் பெட்டி எது என்று மாணவர்களும் பெற்றோர்களும் என்னைக் கேட்கும்போதெல்லாம் இந்த வாக்கியம்தான் முதலில் நினைவுக்கு வரும். பெட்டி வாங்கப் போகிறவர்கள் மேல் ஓட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள், மேலே ஏறி நின்றுகூடப் பார்க்கிறார்கள். உள்ளே வாத்தியம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. நானும் அப்போது பார்க்கவில்லை.

கழுத்து ஏன் முறிந்தது? மேண்டலினின் தலை நேராக நிற்பதில்லை, பின்பக்கம் சாய்ந்திருக்கும். வாத்தியத்தை மல்லாத்தி வைத்தால் தலையின் நுனிதான் தரைக்கு மிக அருகே வரும். என் பெட்டியில் உடல் பகுதிக்கு அடியில் மெத்து மெத்தென்ற வெல்வெட் மெத்தை இருந்தது. தலைக்கு அடியில் வெறும் பலகை, அதன்மேல் ஒட்டிய மெல்லிய துணி. பெட்டி விழுந்ததும் உடல் மெத்தையில் அமுங்கியது. தலைக்கு அமுங்க இடமில்லை, அது பலகையில் இடித்து நின்றுவிட்டது. உடல் கீழே போக, தலை நிற்க, இரண்டுக்கும் நடுவில் இருந்த மெலிந்த கழுத்து ஒடிந்தது. போதாததற்கு எட்டுக் கம்பிகளும் சேர்ந்து அந்தக் கழுத்தை ஏற்கெனவே 75, 80 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன.

இதைக் கணக்காகவும் பார்த்துவிடலாம். பள்ளிக்கூட இயற்பியல் போதும். இடுப்பு உயரத்திலிருந்து, அதாவது 1 மீட்டரிலிருந்து, பெட்டி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் மேண்டலின் 5 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றாக வேண்டுமென்றால், அந்தக் கணத்தில் அதன்மேல் வரும் விசை அதன் எடையைப் போல் சராசரியாக 200 மடங்கு. 1.2 கிலோ வாத்தியம் 240 கிலோவாகிறது. அதே வாத்தியம் 2 செ.மீ. தூரம் அமுங்கி நின்றால் 50 மடங்குதான், 60 கிலோ. இந்த ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். அந்த 60 கிலோவையும் எந்த இடம் வாங்குகிறது என்பது அடுத்த கேள்வி. உடலைச் சுற்றியுள்ள விளிம்பு வாங்கினால் தாங்கும், ஏனென்றால் மேல் பலகையும் பின் பலகையும் பக்கப் பலகையோடு சேரும் அந்த விளிம்புதான் வாத்தியத்திலேயே உறுதியான இடம். அதில் கால்வாசி தலைக்குப் போனாலும் கழுத்துக்கு ஆபத்து.

ஆகவே நல்ல பெட்டியின் உள்ளே மூன்று சங்கதிகள் இருக்க வேண்டும். உடல் விளிம்பில் உட்கார வேண்டும். கழுத்துக்கு நட்டின் அருகிலேயே ஒரு தாங்கி வேண்டும். தலை எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். நான்காவதாக ஒன்றை மூடியில் பார்க்க வேண்டும். வளைந்த மேல்பலகை உள்ள மேண்டலினில், கம்பிகளைத் தூக்கிப் பிடிக்கும் பிரிட்ஜ் ஒட்டப்படுவதில்லை, கம்பிகளின் அழுத்தத்திலேயே நிற்கிறது. மூடி அமுங்கிப் பிரிட்ஜைத் தொட்டால் அந்த அழுத்தம் நேராக மேல்பலகைக்குப் போகும். மேல்பலகையில் பிளவு விழுந்தால் அதை ஒட்டலாம், ஆனால் பழைய நாதம் திரும்புமா என்பது சந்தேகம்தான்.

இனி ஓட்டுக்கு வருவோம். கடைக்காரர் இங்கேதான் நிறையப் பேசுவார்.

மேண்டலின் பெட்டியின் வெளியளவு தோராயமாக 75 செ.மீ. நீளம், 30 அகலம், 12 உயரம். ஆறு பக்கங்களையும் கூட்டினால் சுமார் 7,000 சதுர செ.மீ. வருகிறது. அதோடு பொருளின் அடர்த்தியையும் தடிமனையும் பெருக்கினால் வெறும் ஓட்டின் எடை தெரிந்துவிடும். 4 மி.மீ. பிளைவுட் என்றால் 1.7 கிலோ. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 3 மி.மீ. என்றால் 2.2 கிலோ. ஃபைபர்கிளாஸ் 2 மி.மீ. என்றால் 2.5 கிலோ. கார்பன் ஃபைபர் 1.2 மி.மீ. போதும், 1.3 கிலோ. 25 மி.மீ. தடிமனுள்ள அடர்ந்த தெர்மாகோல் என்றால் அரைக் கிலோதான். மேலே துணி, உள்ளே மெத்தை, கைப்பிடி, கீல், பூட்டு எல்லாம் சேர்த்தால் எதுவானாலும் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ கூடும்.

ஃபைபர் என்றால் இலேசு என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. வீணைக்காரர்கள் பழைய மரப்பெட்டியிலிருந்து ஃபைபர் பெட்டிக்கு மாறியபோது பெற்ற நிம்மதியிலிருந்து வந்த நினைப்பு அது. வீணையின் அளவுக்கு அது சரி. அந்த நீளத்துக்குப் பலகைப் பெட்டி செய்தால் தடித்த மரமும் சட்டமும் வேண்டியிருந்தது. மேண்டலின் போன்ற சிறு வாத்தியத்தில் ஃபைபர்கிளாஸ் பிளைவுட்டைவிடக் கனமாகத்தான் வரும். அதன் பெருமை இலேசில் இல்லை, அடி வாங்குவதிலும் மழையில் ஊறாமல் இருப்பதிலும் இருக்கிறது. அமெரிக்காவின் கால்டன் பெட்டிகளை ஊர் ஊராகப் போகும் கலைஞர்கள் விரும்புவது அதற்காகத்தான். வாத்தியத்தை விமானத்தின் அடி வயிற்றில் போட்டு அனுப்ப வேண்டியவர்களுக்கு அது நியாயமான தேர்வு.

கார்பன் ஃபைபர் இரண்டையும் தருகிறது, உறுதியும் இலேசும். இதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு வாங்கும் மேண்டலினைவிட அந்தப் பெட்டியின் விலை அதிகம். அந்தப் பணத்தில் நல்ல மேண்டலினே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

தெர்மாகோல் என்று சொன்னதும் பெற்றோர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். மீன் ஐஸ் பெட்டியும், தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் வெள்ளைத் துண்டுகளும் அவர்கள் கண்முன் வரும். அவர்களை வெளியே அழைத்துப் போய், வண்டியில் மாட்டியிருக்கும் ஹெல்மெட்டின் உள்துணியை நீக்கிப் பார்க்கச் சொல்வேன். உள்ளே இருப்பது அதே தெர்மாகோல், கொஞ்சம் அடர்த்தியாக அழுத்தியது. மண்டையைக் காப்பாற்றுவது மேலே பளபளக்கும் ஓடு மட்டுமல்ல, அடியை வாங்கித் தான் நசுங்கிப்போகும் இந்த வெள்ளைப் பொருளும்தான். அது நசுங்கும் தூரம்தான் முன்னே கணக்கில் சொன்ன அந்த 2 செ.மீ.

இதன் குறையையும் மறைக்கக் கூடாது. ஒருமுறை பலமாக நசுங்கிய தெர்மாகோல் மீண்டு எழாது. பெரிய விழுகை ஒன்றுக்குப் பிறகு, வெளியே துணி நன்றாக இருந்தாலும் பெட்டியை மாற்ற வேண்டும், ஹெல்மெட்டை மாற்றுவதைப் போலவே. இன்னொன்று, கூர்மையான பாரத்தை இது தாங்காது. கன மீட்டருக்கு 30 கிலோ அடர்த்தியுள்ள தெர்மாகோல், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ அழுத்தத்தில் அமுங்கத் தொடங்கும். அறுபது கிலோ ஆள் அதன்மேல் உட்கார்ந்தால் பாரம் பரவிவிடும், பொருள் நசுங்காது. அதே ஆள் குதிகாலால் மிதித்தாலோ, இரும்பு டிரங்குப் பெட்டியின் மூலை அதில் ஊன்றினாலோ குழி விழும். அதனால் வெறும் தெர்மாகோலில் துணி சுற்றிய பெட்டியை நான் சிபாரிசு செய்வதில்லை. இரண்டு பக்கமும் மெல்லிய பிளைவுட்டோ ஃபைபர் தகடோ ஒட்டி, நடுவில் நுரை வைத்த பெட்டிதான் வேண்டும். ஒரே பொருளின் தடிமன் இரட்டிப்பானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். நடுவில் நுரை வைத்தால் எடை கூடாமல் தடிமன் கூடுகிறது. மெல்லிய மேல்தகடு குத்தலைத் தாங்குகிறது, தடித்த நுரை வளையாமல் காக்கிறது. இப்படிப்பட்ட பெட்டி இரண்டு கிலோவுக்குள் வந்துவிடுகிறது.

இரண்டு கிலோவா, நாலு கிலோவா என்பதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று கேட்கலாம். எங்கள் ஊர்ப் பயணத்தைச் சொன்னால் புரியும்.

சித்தூரிலிருந்து திருப்பதி 70 கிலோமீட்டர். பாடம் கேட்கவும், ஸ்ரீ வெங்கடேஸ்வரா இசை நடனக் கல்லூரிக்கும், மகதி கலையரங்கத்தில் கச்சேரி கேட்கவும், நாங்கள் பேருந்தில்தான் போய் வருகிறோம். கூட்டமான பேருந்தில் நாலு கிலோப் பெட்டியை, வாத்தியத்தோடு சேர்த்தால் ஐந்துக்கு மேல், எவ்வளவு நேரம் மடியில் வைத்திருக்க முடியும்? சந்திரகிரி வருவதற்குள் தொடை மரத்துப்போகும். தட்டில் ஏற்றிவிடுவோம். நானும் அன்று அதைத்தான் செய்தேன். வாத்தியம் கையை விட்டுப் போகிற இடத்தில்தான் விபத்து காத்திருக்கிறது. கனமான பெட்டி கையிலிருந்து சீக்கிரம் இறங்கும், இலேசான பெட்டி கடைசி நிறுத்தம் வரை கூட இருக்கும்.

திருமலைக்குப் போனால் இன்னும் தெளிவு. அலிபிரியிலிருந்து மேலே 3,550 படிகள். நடந்து ஏறுபவர்களின் சாமான்களை அங்கேயே வாங்கி வண்டியில் இலவசமாக மேலே கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாட்டைத் தேவஸ்தானம் வைத்திருக்கிறது. துணிமணிக்கு அருமையான வசதி. ஆயிரக்கணக்கான பைகளோடு பையாகப் போகும் இடத்தில் மேண்டலினை நான் வைக்க மாட்டேன். மலைமேல் உள்ள நாத நீராஜனம் மேடையில் வாசிக்கும் வாய்ப்பு வந்தபோது என் மாணவி ஒருத்தி, வேண்டுதல் இருக்கிறது, நடந்துதான் ஏறுவேன் என்றாள். முதுகில் மாட்டும் வார் வைத்த இரண்டு கிலோப் பெட்டியை இரவல் வாங்கிக் கொடுத்தேன். வழியில் காலி கோபுரத்தில் உட்கார்ந்தபோதுகூட அதை முதுகிலிருந்து இறக்கவில்லையாம்.

விமானத்துக்கும் இதே கதைதான். ரேணிகுண்டாவிலிருந்து பறப்பவர்களுக்குக் கைப்பை எடை 7 கிலோ, நீள அகல உயரம் மூன்றும் கூட்டி 115 செ.மீ. என்பதுதான் உள்நாட்டு விமானங்களில் வழக்கமான வரம்பு. நான் மேலே சொன்ன பெட்டியின் அளவைக் கூட்டிப் பாருங்கள், 117 வருகிறது. எடையில் தப்பித்தாலும் அளவில் இரண்டு சென்டிமீட்டர் மிஞ்சுகிறது, நீளமோ சாதாரணக் கைப்பையைவிட அதிகம். ஏ.டி.ஆர். போன்ற சிறு விமானங்களில் தலைமேல் அறையும் சிறியது. வாத்தியம் என்று முன்கூட்டியே நிறுவனத்திடம் சொல்லி அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது. இங்கேயும் ஒல்லியான, இலேசான பெட்டிக்காரரைத்தான் வாசலில் புன்னகையோடு விடுவார்கள்.

பேச்சோடு பேச்சாக ஒன்று. சேஷாசலம் மலையில் வளரும் நம் செம்மரம் ஜப்பானில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் கழுத்தாகிறது. தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனத்த மரம். அந்த நீண்ட கழுத்தை மூன்று துண்டாகக் கழற்றி, சின்னப் பெட்டியில் அடுக்கி எடுத்துப் போகிறார்கள். எங்கள் மாவட்டத்து மரம் அங்கே போய்ப் பயணத்துக்கு ஏற்றபடி மடங்குவதை நினைக்கும்போது, வாத்தியத்தைச் செய்யும்போதே அதன் பயணத்தையும் யோசித்த அந்தக் கைவினைஞர்கள்மேல் மரியாதை வருகிறது. மேண்டலினை மடக்க முடியாது, பெட்டியைத்தான் யோசிக்க வேண்டும்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இங்கே எந்தப் பெட்டியையும் எடைபோட முடியாது. மே மாதத்தில் திருப்பதியில் 40 பாகையைத் தாண்டுவது சாதாரணம். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி 60 பாகைக்கு மேல் ஏறும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும். இந்திய மேண்டலின்கள் பலவும் அந்தப் பசையில் ஒட்டியவைதான். கம்பிகளின் இழுப்பு நிற்காமல் இருக்க, பசை இளகினால் கழுத்து மெல்ல முன்னால் சாய்கிறது. “திடீரென்று கம்பி உயர்ந்துவிட்டது, அழுத்த முடியவில்லை” என்று ஜூன் மாதத்தில் வாத்தியத்தைக் கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, காரில் வைத்தீர்களா என்பதுதான். நுரை வைத்த பெட்டி சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஒரே தடிமனில் பார்த்தாலே நுரை பிளைவுட்டைவிட மூன்று நான்கு மடங்கு நல்ல தடுப்பு. கறுப்பு நிற ஃபைபர், கார்பன் ஓடுகள் இதில் பின்தங்குகின்றன. ஆனாலும் நுரை தாமதப்படுத்துமே தவிரத் தடுத்துவிடாது. அரை மணி நேரக் கடைவேலைக்குத் தாங்கும், முழுப் பகலுக்குத் தாங்காது. பெட்டி எதுவானாலும் நிறம் வெளிறியதாக இருக்கட்டும்.

மழைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகையில் இங்கே அடிக்கும் மழையில் துணி மூடிய பெட்டி ஊறும். பள்ளிப் பைக்குப் போடும் மழை உறை ஒன்று போதும். ஜிப்பா, பூட்டா என்றால் பூட்டைவிட ஜிப்பைத்தான் நான் விரும்புகிறேன். விழும்போது பூட்டு தெறித்துத் திறந்ததைக் கண்டிருக்கிறேன், தடித்த ஜிப் சுற்றிலும் பிடித்துக்கொள்ளும்.

கர்நாடக இசை வாசிப்பவர்களுக்குத் தனியாக ஒரு பிரச்சினை உண்டு. 1969இல் பாலகொல்லுவில் பிறந்து, 2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் மறைந்த உ. ஸ்ரீனிவாஸ், எட்டுக் கம்பிகளை ஐந்து ஒற்றைக் கம்பிகளாக்கி, உள்ளீடற்ற உடலுக்குப் பதிலாகக் கெட்டி மரத்தில் மின் மேண்டலினை வாசித்தார். கமகம் பேசும் வாத்தியமாக அதை அவர் ஆக்கிய பிறகு, தென்னாட்டில் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளில் பலர் கையில் இருப்பது அந்த வகைதான். அது உடல் சிறியது, மெலிந்தது, பிளவு விழும் மெல்லிய மேல்பலகை இல்லாதது. வெயிலுக்கும் ஈரத்துக்கும் அவ்வளவாக அசையாது. ஆனால் வெளிநாட்டு மேண்டலின் அளவுக்குச் செய்த ஆயத்தப் பெட்டியில் அது புளியங்கொட்டை போலக் குலுங்கும். வயலின் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வயலினின் முழு நீளம் சுமார் 60 செ.மீ., அதன் பெட்டியின் மெத்தை அந்த இடுப்பு வளைவுக்காகவே குடைந்தது. நீளம் கொஞ்சம் இடித்தாலும் தலைதான் அடி வாங்கும். வேண்டாம்.

இந்த வகைக்கு உள்ளூரில் செய்துகொள்வதுதான் என் சிபாரிசு. மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற மாதவமாலா கிராமம் ஏர்ப்பேடு பக்கத்தில் இருக்கும் இந்த வட்டாரத்தில் நல்ல தச்சுக் கைக்குப் பஞ்சமில்லை. 4 மி.மீ. பிளைவுட்டில் சிறிய பெட்டி, அதற்குள் வாத்தியத்தின் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து வெட்டிய இ.வி.ஏ. நுரை, ஒயர் செருகும் ஜாக்குக்கும் வால்யூம் திருகுக்கும் தனிக் குழி. உடல் சிறியதாக இருப்பதால் மொத்தம் இரண்டு கிலோவுக்குள் அடங்கும். கெட்டி மர உடல் கனம் என்பதால் கழுத்துத் தாங்கியை மட்டும் இன்னும் கவனமாகச் செய்யச் சொல்லுங்கள்.

ஆகவே என் முடிவு இது. உள்ளீடற்ற எட்டுக் கம்பி மேண்டலினோடு பேருந்திலும் ரயிலிலும் போய் வருபவருக்கு, இரண்டு பக்கமும் பிளைவுட்டோ ஃபைபர் தகடோ ஒட்டிய நுரைப் பெட்டி, முதுகு வாரோடு, இரண்டு கிலோவுக்குள். கெட்டி மர ஐந்து கம்பி மேண்டலினுக்கு, அளவெடுத்துத் தச்சர் செய்த சிறிய பிளைவுட் பெட்டி. வாத்தியத்தைப் பிறர் கையில் ஒப்படைத்து அனுப்பியே ஆக வேண்டிய கலைஞருக்கு, எடையைப் பொறுத்துக்கொண்டு ஃபைபர்கிளாஸ். கார்பன் ஃபைபர் வாங்க வசதி இருப்பவர் வாங்கட்டும். தயாராகக் கிடைக்கும் ரெக்சின் பிளைவுட் பெட்டியை, உள்ளே மாற்றியமைக்காமல், யாருக்கும் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டாம். கழுத்துக்கு அடியில் நட்டை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு நுரைத் துண்டு ஒன்றை ஒட்டித் தலையைத் தூக்கிவிட்டால், அந்தப் பெட்டியின் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

கடைக்குப் போகும்போது உங்கள் மேண்டலினைக் கையோடு கொண்டு போங்கள். பெட்டிக்குள் வைத்து, தலைக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகுங்கள். மூடியை மூடி, பெட்டியின் உடல் பகுதியைக் கையால் அழுத்திவிட்டுத் திறந்து காகிதத்தை இழுங்கள். தடங்கலில்லாமல் வர வேண்டும். பிறகு சப்பாத்தி மாவில் எலுமிச்சை அளவு உருண்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பிரிட்ஜின் மேல் வைத்து, மூடியை மெதுவாக மூடித் திறங்கள். அமுங்கிய மாவு ஒரு சென்டிமீட்டராவது தடித்திருக்க வேண்டும். கடைசியாக, மூடிய பெட்டியைக் காதருகே தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே சத்தம் கேட்டால், விலை எவ்வளவு குறைவானாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.